தெருக்குத்து வீடும் மூன்றாவது ஆளும்

"டிபென்டன்ட்ஸ் எத்தனை பேர் சார்?"

கேட்டது வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்த பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். எங்கள் சம்பளத்தை நம்பி வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அந்தக் கட்டத்தில் நிரப்ப வேண்டும். தலையைக்கூடத் தூக்காமல் கேட்டாள். பேனா கட்டத்துக்கு மேலே தயாராக நின்றது. மின்விசிறிக் காற்றில் எங்கள் சம்பளச் சீட்டுகள் படபடத்தன. ஸ்டேப்ளரைத் தூக்கி அவற்றின்மேல் வைத்தாள்.

என் கணவர் செல்வின் சட்டென்று பதில் சொன்னார். "ரெண்டு பேர் மேடம். பையன் மூணாவது படிக்கிறான். பொண்ணு எல்கேஜி."

நான் பக்கத்து நாற்காலியில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு நாள் தள்ளிப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது எனக்கும் தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். செல்வினுக்குத் தெரியாது.

பன்னிரண்டு, பதிமூன்று வருஷம் ஆகியிருக்கும். நாற்காலியின் ரெக்சின் கிழிந்து என் தொடையில் குத்தியது இன்னும் நினைவிருக்கிறது. அந்த நாற்காலிக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதுவரை அந்தப் பேனா அப்படியே நிற்கட்டும்.

எத்தனை உருப்படி

கீழ்க்கட்டளையில் மாடி போர்ஷன். ஒரு பெட்ரூம், ஒரு ஹால், ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத சமையலறை. கல்யாணமான புதிதில் அங்கே குடி வந்தோம். இந்தத் தொடரில் முன்பே எழுதிய இரும்புக் கட்டிலைப் போட்டதும் பெட்ரூம் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் பிறந்ததும் கட்டிலைச் சுவரோரம் சாத்திவிட்டு நான்கு பேரும் தரையில் படுத்தோம்.

கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா சரோஜா அக்கா. கெட்டவர் இல்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவருக்கு இரக்கம் கிடையாது. மாடியில் குழாய் சத்தம் கொஞ்சம் நீண்டால் கீழே மோட்டார் சுவிட்ச் டக்கென்று அணையும். சோப்பு நுரையோடு பாதிக் குளியலில் எத்தனை முறை நின்றிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"ரெண்டு பேருன்னு சொல்லித்தானே வந்தீங்க டீச்சர். இப்ப நாலு பேரு. டேங்க் என்ன வளருமா?" என்பார்.

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நானும் சிரித்துவிட்டு மாடிக்கு வந்து பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். எனக்குப் பொறுமை கிடையாது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். ஒரு கணக்கை ஆரம்பித்தால் விடை தெரியும் வரை சோறு இறங்காது. விடை தெரியாமல் சும்மா இருக்கச் சொன்னால் என்னால் முடியாது.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் சரோஜா அக்கா மாடிக்கு வந்தார். கையில் ஒரு தட்டில் பலாச்சுளை. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பையனுக்குப் பெண் பார்த்துவிட்டார்களாம். மாடியைக் காலி செய்து தர வேண்டுமாம். "தை மாசத்துக்குள்ள பாத்துக்குங்க டீச்சர், அவசரம் இல்ல" என்றார்.

வாடகைக்கு வேறு வீடு தேடினோம். போகிற இடமெல்லாம் முதல் கேள்வி, எத்தனை பேர் என்பதுதான். ஒருவர் போனில் "மொத்தம் எத்தனை உருப்படி?" என்றே கேட்டார். இன்னொருவர், "பசங்க சுவத்துல எழுதுவாங்களா?" என்றார். நான் பட்டென்று போனை வைத்துவிட்டேன். நல்ல வீடு அது, வாடகையும் கட்டுப்படியாகும். என் கோபத்தால் போனது. செல்வின் வேறு மாதிரி. கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொள்பவர். பொருள் போனால் போனதுதான், கத்தி என்ன பயன் என்பது அவர் கட்சி.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். எங்களை யாரும் எண்ணாத ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு அந்த வீடு எங்களுடையதாக இருக்க வேண்டும்.

கிறிஸ்டியன் பார்ட்டி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளை ஸ்கூட்டரில் முன்னும் நடுவிலும் ஏற்றிக்கொண்டு வீடு பார்க்கப் போவோம். மேடவாக்கம், பெரும்பாக்கம், வேங்கைவாசல் என்று சுற்றாத இடமில்லை. எல்லாமே கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. பிள்ளைகள் அரைகுறையாகக் கட்டிய வீடுகளில் மணல் குவியல் மேல் ஏறி விளையாடுவார்கள். நான் மேஸ்திரியிடம் விலை கேட்பேன். பதிலைக் கேட்டதும் பிள்ளைகளைத் திட்டி இறக்குவேன்.

எங்களுக்கு வீடு காட்டிய புரோக்கர் வேலு. கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு, வாயில் பாக்கு. ஆனி மாதம் முடியப் போகிற சமயம், ஒரு புதன்கிழமை, பள்ளியில் இருக்கும்போது போன் செய்தார்.

"டீச்சர், ஒரு வூடு கீது. உங்களுக்குன்னே கீது. சாயந்திரம் சாரை இட்டுகினு வந்துடுங்க."

கோவிலம்பாக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெரு. வேலு முன்னால் பைக்கில் போக, நாங்கள் பின்னால் போனோம். தெரு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பச்சை கேட்டில் முட்டி நின்றது. இடமும் வலமும் சின்னச் சந்துகள். அந்தப் பச்சை கேட்தான் எங்களுக்காக இருக்கிற வீடு.

எனக்கு உடனே புரிந்தது. தெருக்குத்து. வாசலுக்கு நேரே தெரு வந்து முட்டினால் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஆகாது என்பார்கள். அதனால் அப்படிப்பட்ட வீட்டை விற்க வந்தால் விலை சரியும்.

வேலு பைக்கை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "வர்றவன்லாம் இங்க நின்னு பாத்துட்டு, வண்டிய திருப்பிகினு போயிடறான் டீச்சர். உள்ளகூட வர்றதில்ல. ஒரே பேஜார். நான்தான் சொன்னேன், கிறிஸ்டியன் பார்ட்டி ஒண்ணு கீது, அவங்களுக்கு இதெல்லாம் கெடையாதுன்னு. கெடையாதுல்ல டீச்சர்?"

"கிடையாது" என்றேன். என் குரலில் இருந்த உற்சாகம் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனதற்கு ரொக்கமாக ஒரு தள்ளுபடி கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் மதிற்சுவரில் ஒரு மாடம். உள்ளே சின்னப் பிள்ளையார், தெருவைப் பார்த்து. தெரு வந்து குத்துவதை அவர் தாங்கிக்கொள்கிறாராம். "ரேட்டு முடிஞ்சா இவரை நானே எடுத்துகினு போயி கோயில்ல வச்சிடறேன்" என்றார் வேலு. "அவர் பாட்டுக்கு இருக்கட்டும்" என்று நான் சொல்ல, செல்வின் என் காதருகே, "வீட்டுப் பிரதிஷ்டைக்கு ஐயர் வரும்போது?" என்றார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். வாசலில் அந்த ஐயரும் இந்தப் பிள்ளையாரும் நேருக்கு நேர் நிற்பதை நினைத்து இருவரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தோம். அந்த வாரத்தில் நான் மனசாரச் சிரித்தது அப்போது மட்டும்தான்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் மனைவி இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலில் இருந்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்தது. ஆனால் காரணம் பாத்ரூம் இல்லை, தெருதான் என்று இருவரும் உறுதியாக இருந்தார்கள்.

"முப்பது வருஷம் ரோட்டப் பாத்து வண்டி ஓட்டினேன்மா. இப்ப ரோடு என்னப் பாத்து வருது" என்றார் அவர். பொண்ணு வீடு இருக்கும் அரக்கோணம் பக்கமே போய்விடப் போகிறார்களாம்.

நான் சமையலறைக்குள் போனேன். குழாயைத் திறந்தேன். கொஞ்சம் துருவாக வந்து, பிறகு தெளிந்தது. மூடாமல் அப்படியே விட்டேன். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. யாரும் எங்கிருந்தும் மோட்டாரை நிறுத்தவில்லை. அந்த வீடு எனக்கு வேண்டும் என்று அந்த இடத்திலேயே ஆகிவிட்டது.

விலை சரிந்தும்கூட அது எங்களுக்குக் கொஞ்சம் பெரிய வீடுதான். இருவர் சம்பளமும் ஒன்றாக நின்றால் எட்டும். ஒன்று விழுந்தாலும் எட்டாது. இதில் இன்னொரு அவசரம். ஆடி பிறந்துவிட்டால் டிரைவர் பணத்தைக் கையால் தொட மாட்டாராம். எங்களுக்கு ஆடி இல்லை. அவருக்கு இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே போய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தோம். பணக் கவரைத் தட்டில் வைத்து நீட்டியது நான்.

டாக்டரம்மாவின் கேள்வி

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வேலுவின் போன் வந்தது புதன்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை, பள்ளி விட்டதும் தாம்பரத்தில் ஒரு கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். செல்வினிடம் பேப்பர் திருத்தும் வேலை என்று சொல்லியிருந்தேன்.

என் இரண்டாவது பிரசவம் பார்த்த அதே டாக்டரம்மா. ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"என்னம்மா, வச்சுக்கப் போறியா?"

அதட்டலும் இல்லை, கரிசனமும் இல்லை. ரசீது வேண்டுமா என்று கேட்பார்களே, அந்தக் குரல். அந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அதைக் கேட்டிருப்பாரோ.

"அடுத்த வாரம் வந்து சொல்றேன் டாக்டர்" என்றேன்.

வெளியே வந்து ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். கையிலேயே இருந்தது.

எங்கள் பள்ளியில் பிரசவ விடுப்பு என்றால் ராஜினாமா என்று அர்த்தம். இரண்டாவதாக மகள் ஷைனி பிறந்தபோது பார்த்துவிட்டேன். ஒரு வருஷம் கழித்துப் போய் நின்றபோது, புதிதாகச் சேர்ந்தவளுக்கு உண்டான சம்பளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதே வகுப்பு, அதே கரும்பலகை. மறுபடி மேலே ஏற மூணு வருஷம் பிடித்தது. மூன்றாவது என்றால் மறுபடி முதல் படி. சம்பளம் நிற்கும். சம்பளம் நின்றால் கடன் இல்லை, கடன் இல்லையென்றால் வீடு இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.

மூன்று மாதம் முடியும் வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம். எங்கள் குடும்பம் என்ன, எல்லார் வீட்டிலும்தான். அந்தப் பழக்கம் ஊருக்குச் சொல்லாமல் இருக்க. புருஷனுக்குச் சொல்லாமல் இருக்க அல்ல. இது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் அதைப் பிடித்துத் தொங்கினேன். ஒரு நாளும் பழக்கவழக்கம் பார்க்காதவள், அந்தப் பதினோரு நாளும் பழக்கம் பார்த்தேன்.

செல்வினிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும். வீட்டை விட்டுவிடலாம் என்பார். அடுத்த நிமிஷம் வேலுவுக்குப் போன் செய்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அதனால்தான் சொல்லவில்லை.

காலையில் குமட்டலை மறைக்கக் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தேன். கீழேயிருந்து மோட்டார் அணையும். பள்ளி விட்டதும் வீட்டுக்கு வராமல் ஸ்கூட்டரைக் கோவிலம்பாக்கம் பக்கம் திருப்புவேன். தெருமுனையில் நின்று பார்ப்பேன். கடைசியில் பச்சை கேட் சின்னதாகத் தெரியும். ஒரு நாள் இரண்டு முறை போனேன். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், "யாரம்மா வேணும்?" என்று கேட்டார். வழி தவறிவிட்டது என்றேன்.

டோக்கன் கொடுத்த அந்த ஞாயிறு காலை, சபையில் ஜெபக் குறிப்பு எழுதிப் போடும் பெட்டி முன்னால் நின்றேன். சீட்டில் 'சொந்த வீடு' என்று எழுதினேன். பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். மற்றதை எழுதவில்லை. அதில் எந்தப் பதில் வர வேண்டும் என்று ஜெபிக்கச் சொல்வது? சீட்டை நாலாக மடித்துப் போட்டுவிட்டு வந்து பாட்டுப் புத்தகத்தை விரித்தேன். அன்று ஒரு பாட்டும் என் வாயில் வரவில்லை.

மூணு

வெள்ளிக்கிழமை இருவரும் அரை நாள் லீவு போட்டு பல்லாவரத்தில் அந்த வங்கிக்குப் போனோம். அன்றோடு பதினோரு நாள்.

"ரெண்டு பேர் மேடம்" என்று செல்வின் சொன்னார். சொல்லும்போதே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். ஸ்டோர்ஸில் பெட்டிகளை எண்ணிச் சொல்லும் பழக்கம் அது. அந்தப் பெண் எழுதக் குனிந்தாள்.

"மூணு" என்றேன்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "மாமியார் கூட இருக்காங்களா மேடம்?"

"இல்ல."

"அப்ப மூணாவது யாரு?"

செல்வின் என் பக்கம் திரும்பினார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டு, "இப்ப ரெண்டு மாசம்" என்றேன்.

என் அம்மாவுக்குச் சொல்வதற்கு முன்னால், என் கணவருக்குச் சொல்வதற்கு முன்னால், பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னேன். அவர் இரண்டு விரல்களை அப்படித் தூக்கியதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் பேனாவை மூடினாள். "கங்கிராஜுலேஷன்ஸ் மேடம்" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு செல்வினின் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் மெதுவாக, "பிறக்காத குழந்தையை ஃபார்ம்ல கேக்கலை. ரெண்டுன்னு போட்டாலே சரிதான். ஆனா மேடம் வேலையில தொடர்ந்து இருப்பாங்களான்னு மேனேஜர் கேப்பாரு. லோன் பாதிக்கு மேல அவங்க சம்பளத்துலதான் நிக்குது" என்றாள்.

அந்தக் கட்டத்தை அவள் நிரப்பவில்லை. படிவத்தை எங்கள் பக்கம் நகர்த்தினாள். "வீட்ல பேசிட்டு வாங்க சார்."

எந்த வீட்டில் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

ஏரியோரம்

செல்வின் ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். வழக்கமாக அவர் தோளில் கை வைப்பேன். அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ரேடியல் ரோட்டில் லாரிகள் பக்கத்தில் உரசிக்கொண்டு போயின. கீழ்க்கட்டளை ஏரி வந்ததும் ஓரமாக நிறுத்தினார். ஏரியில் பாதித் தண்ணீர், பாதி ஆகாயத்தாமரை. கரையோரம் யாரோ கொட்டிய கட்டட இடிபாடு.

"எத்தனை நாளா தெரியும்?"

"டாக்டர்கிட்ட போயி பதினோரு நாள் ஆச்சு."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"வச்சுக்கப் போறியான்னு கேட்டாங்க. அடுத்த வாரம் சொல்றேன்னு சொன்னேன்."

"அடுத்த வாரமும் வந்துடுச்சே. என்ன பண்ணிட்டிருந்த?"

"வீடு பாத்துட்டிருந்தேன்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அதன் உள்பக்கத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"டோக்கன் குடுக்கும்போது தெரியும்."

"தெரியும்."

"ரெண்டுல ஒண்ணுதான்னு நீயே கணக்குப் போட்டுட்ட. என்னைக் கேட்டா நான் வீடு வேணாம்னு சொல்லிடுவேன்னு அதையும் நீயே போட்டுட்ட. சரி. இப்ப கேளு. நான் வீடுதான் வேணும்னு சொன்னா என்ன பண்ணுவ?"

எனக்கு அந்தக் கேள்வி வரும் என்று தோன்றவே இல்லை. அவரும் பாதிக் குளியலில் நின்றவர்தான். தரையில் படுத்து முதுகு பிடித்தவர்தான். அவருக்கும் அந்த வீடு வேண்டியிருக்கும் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

"சொல்லாதீங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவர், "இதையே அன்னிக்கு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அவர் என்னைச் சரியாகப் பார்த்துப் பேச இரண்டு மாதம் ஆனது. அதில் அவர் மேல் எனக்குக் குறையில்லை.

இதை இதுவரை எழுதியதில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை. அந்தப் பதினோரு நாளும் இரண்டில் எது அதிகம் வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால், உண்மையான பதில் வீடுதான். நான் நல்லவள் மாதிரி தவிக்கவில்லை. தண்ணீர் நிற்காத ஒரு குழாய்க்காகத் தவித்தேன்.

டோக்கன்

மறுநாளே வேலுவிடம் வீடு வேண்டாம் என்று சொன்னோம். "கிறிஸ்டியன் பார்ட்டியும் போச்சா" என்று தலையில் கை வைத்தார். டோக்கன் திரும்பி வராது என்பதுதான் எங்கும் வழக்கம். வராது என்றே நினைத்துத்தான் டிரைவர் வீட்டுக்குப் போனோம்.

கட்டிலில் படுத்திருந்த அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "ஏம்மா வேணாங்கறே? நீயும் பயந்துட்டியா தெருவுக்கு?"

இல்லை என்றேன். காரணத்தைச் சொன்னேன். மூன்று மாதம் முடியும் முன்பே நான் சொன்ன இரண்டாவது வெளியாள் அவர்.

அவர் தன் கணவரைப் பார்த்தார். "குடுத்துடுங்க. முழுசாக் குடுத்துடுங்க. வயித்துல புள்ளையோட ஒருத்தி மனசு நொந்து இந்த வாசல தாண்டினா நமக்கு ஆகாது. ஏற்கெனவே தெரு ஒண்ணு கீது."

டிரைவர் பீரோவைத் திறந்து, அதே கவரை எடுத்துவந்து செல்வின் கையில் கொடுத்தார். எந்தப் பயத்தால் அந்த வீட்டின் விலை இறங்கியதோ, அதே பயத்தால் எங்கள் பணமும் திரும்பி வந்தது. வேலு வாசலில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத்தான் அன்று கமிஷன் ஒன்றும் இல்லை.

தை பிறக்கும் முன் பெரும்பாக்கம் தாண்டி ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். எத்தனை பேர் என்று வீட்டுக்காரர் கேட்டபோது அவர் கேள்வி முடியும் முன்பே "அஞ்சு" என்றேன். மாசி மாதம் ஹன்னா பிறந்தாள். வேலை போனது. ஒன்றரை வருஷம் கழித்து வேறொரு பள்ளியில் முதல் படியில் நின்றேன்.

இன்றும் வாடகை வீடுதான். நான்காவது வீடு. கோவிலம்பாக்கத்து வீட்டை அந்த வருஷமே யாரோ வாங்கி இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் இப்போது விலை கேட்கவே பயமாக இருக்கிறது. வருத்தமில்லை என்று எழுதினால் பொய். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, செல்வினிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன். அவருக்குக் காரணம் தெரியும்.

இந்த அத்தியாயத்தை எழுதி ஒரு மாதமாகப் பத்திரிகைக்கு அனுப்பாமல் வைத்திருந்தேன். ஹன்னாவுக்கு இதில் எதுவும் தெரியாது. அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாததை ஊரார் முதலில் படிக்கக் கூடாது என்று, போன சனிக்கிழமை தாள்களை அவள் கையில் கொடுத்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். நான் சமையலறைக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கழுவிய டம்ளரை மறுபடி கழுவினேன்.

படித்து முடித்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா ரெண்டுன்னு சொன்னதாலதானே நீ மூணுன்னு சொன்ன?"

"ஆமா."

"அன்னிக்கு அப்பா வராம, நீ மட்டும் பேங்க்குக்குப் போயிருந்தா? அந்த அக்கா உன்னைத்தானே கேட்டிருப்பாங்க. நீ எத்தனைன்னு சொல்லியிருப்ப?"

மூணு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலைடி" என்றேன்.

அவள் தாள்களைத் தட்டி அடுக்கினாள். என்னிடம் நீட்டினாள்.

"அதையும் எழுதிட்டு அனுப்பு" என்றாள்.